வாசகர் கேள்வி - பதில்: கதிர்வீச்சு அளவி பூஜ்ஜியம் காட்டினால் நம்பலாமா?

கேள்வி: 2013 ஆகஸ்ட்டில் ஜப்பானின் ஃபுகுஷிமா டாயிச்சி அணுமின் நிலையத்தில், கழிவுநீர்த் தொட்டிகளின் அருகே மணிக்கு 100 மில்லிசீவர்ட் (உடல் ஏற்கும் கதிரின் அலகு) என்று செய்தி வந்தது. மாதக் கடைசியில் அதுவே 1,800 ஆனது. அதற்குள் கசிவு 18 மடங்கு கூடிவிட்டதா?

பதில்: அந்த இரண்டு எண்களை வைத்து அப்படிச் சொல்லவே முடியாது. முதலில் கொண்டுபோன கருவியின் உச்சவரம்பே 100 மில்லிசீவர்ட்தான். 500 இருந்தாலும் 5,000 இருந்தாலும் அதில் 100தான் தெரியும். பெரிய வரம்புள்ள கருவியை வைத்ததும் 1,800 தெரிந்தது. வரம்பைத் தொட்ட அளவை வெறும் '100' என்று எழுதுவது தவறு. '100-க்கு மேல்' என்றுதான் பதிவேட்டில் ஏற வேண்டும்.

இதே பிழை 1986-லேயே, செர்னோபில் அணுஉலை வெடித்தபோது நடந்தது. அன்றிரவு கையில் கிடைத்த கருவிகள் விநாடிக்கு 1,000 மைக்ரோரான்ட்ஜன் வரைதான் காட்டும் (ரான்ட்ஜன் என்பது கதிரை அளக்கும் பழைய அலகு; மைக்ரோ என்றால் அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). 3,600 விநாடியால் பெருக்கினால் மணிக்கு 3.6 ரான்ட்ஜன். அந்த 3.6-ஐயே உண்மை அளவாக எடுத்துக்கொண்டார்கள்.

ஃபுகுஷிமாவின் 1,800-இல் பெரும்பகுதி பீட்டா கதிர், அதாவது மெல்லிய தடுப்பே நிறுத்திவிடும் வகை. பல கையடக்கக் கருவிகளில் முன்பக்கம் ஒரு மூடி இருக்கும். மூடியபடி அளந்தால் பீட்டா பெரும்பாலும் உள்ளே நுழையாது. திறந்து ஒருமுறை, மூடி ஒருமுறை அளந்து கழித்துப் பார்த்தால் பீட்டாவின் பங்கு தெரியும். திறக்க மறந்தால் கருவியில் கோளாறே இல்லாமல் தவறான எண் கிடைக்கும்.

கேள்வி: கதிர்வீச்சு மிக அதிகமாக இருக்கும் இடத்தில் கைகர் கருவி பூஜ்ஜியம் காட்டும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மை. கைகர் கருவியின் குழாயில் கதிர் நுழையும்போது ஒரு மின்துடிப்பு எழும்; அதை எண்ணித்தான் கருவி அளவு சொல்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு குழாய் மீள்வதற்குச் சற்று நேரம் வேண்டும். பொதுவாக 100 மைக்ரோவிநாடி அளவில். அந்த நேரத்தில் நுழையும் கதிர் எண்ணிக்கையில் சேராது. கருவி விநாடிக்கு 5,000 துடிப்பு எண்ணுகிறது என்று வைத்துக்கொள்வோம். 5,000 × 0.0001 = 0.5, அதாவது பாதி நேரம் குழாய் செயலற்றிருக்கிறது. ஆகவே உண்மையான எண்ணிக்கை 10,000. இதுவரை கணக்குப் போட்டுத் திருத்தலாம். கதிர் இன்னும் அடர்ந்தால், குழாய் மீள்வதற்குள் அடுத்தடுத்த கதிர்கள் வந்துகொண்டே இருக்கும். முழுத் துடிப்பே எழாது. முள் ஏறிப்போய்ப் பிறகு இறங்கத் தொடங்கும், பூஜ்ஜியத்துக்கே கூட வந்துவிடும். நல்ல கருவிகளில் இதைக் கண்டுபிடித்து 'வரம்பு மீறல்' என்று நிறுத்திவைக்கும் சுற்று உண்டு. பழைய கருவியோடு போகிறவர் தூரத்திலேயே அதை இயக்கி, முள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே நெருங்க வேண்டும். உள்ளே போய்ச் சுவிட்சைப் போடவே கூடாது.

அணுஉலைக் கட்டடத்துக்குள் உயர் அளவுக்கு அயனி அறைகளை, அதாவது துடிப்பை எண்ணாமல் கதிர் உண்டாக்கும் மின்னோட்டத்தை அளக்கும் கருவிகளை, வைப்பது இதனால்தான். அவற்றுக்கு வேறு தொல்லை: மின்னோட்டம் மிகச் சிறியது. மணிக்கு 1 ரான்ட்ஜனுக்கு 10 பைக்கோ ஆம்பியர் (ஒரு பைக்கோ ஆம்பியர் என்பது ஆம்பியரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) தரும் அறையில், கனெக்டரில் ஈரம் ஏறி 100 பைக்கோ ஆம்பியர் கசிந்தால் திரையில் 10 ரான்ட்ஜன் தெரியும். விபத்து நேரத்து நீராவியும் வெப்பமும் முதலில் தாக்குவது கேபிளையும் கனெக்டரையும்தான். அறை நன்றாக இருந்தும் அளவு பொய்யாகலாம்.

கேள்வி: 2011 சுனாமியின்போது வெளிக் கண்காணிப்பு நிலையங்கள் என்ன ஆயின?

பதில்: ஃபுகுஷிமா மாவட்ட நிர்வாகத்தின் 24 நிலையங்களில் 23 பயன்படாமல் போயின. சிலவற்றைக் கடல் அடித்துச் சென்றது. மற்றவற்றில் மின்சாரமோ, தகவல் தொடர்போ அறுந்தது. அணுமின் நிலைய எல்லையில் இருந்த 8 கண்காணிப்புக் கம்பங்களும் மின்சாரமின்றி நின்றன. அளவி பொருத்திய காரை ஓட்டித்தான் எண் எடுத்தார்கள். ஊழியர்கள் உடம்பில் அணியும் மின்னணு டோசிமீட்டர்களிலும் (ஆளுக்கு ஏறும் கதிரை அளக்கும் கருவி) பெரும்பாலானவை கடல்நீரில் கெட்டன. சுமார் 5,000 இருந்த இடத்தில் 320 அளவில்தான் உடனே பயன்பட்டன. அந்த மார்ச்சில் பல குழுக்கள் ஆளுக்கொன்று இல்லாமல், குழுவுக்கு ஒன்றோடு உள்ளே போயின. ஒரே அறையில் இரண்டடி தள்ளி நிற்பவருக்கே அளவு மாறும் என்பதால், உயிரோடு விளையாடிய ஏற்பாடு இது.

கேள்வி: அலாரம் அடித்தும் மூன்று பேர் அங்கே வேலையை நிறுத்தவில்லையாமே?

பதில்: 2011 மார்ச் 24, மூன்றாம் அலகின் டர்பைன் கட்டட அடித்தளம். கேபிள் போடப் போனார்கள். முந்தைய நாள் பார்த்தபோது அங்கே அதிகத் தண்ணீரோ பெரிய கதிர் அளவோ இல்லை. அன்று தண்ணீர் தேங்கியிருந்தது. அதன் மேற்பரப்பில் மணிக்கு சுமார் 400 மில்லிசீவர்ட். டோசிமீட்டர் அலறியபோது, கருவிதான் கெட்டுவிட்டது என்று நினைத்தார்கள். மூவரும் ஏறத்தாழ 170 முதல் 180 மில்லிசீவர்ட் வாங்கினார்கள். பூட்ஸ் இல்லாத இருவரின் கால்களை நீர் நனைத்தது. அலாரம் பொய்யா என்று சோதிக்க வேண்டிய இடம் வெளியே. முதலில் எல்லோரும் வெளியேற வேண்டும்; பிறகு வேறொரு கருவியால் அந்த இடத்தை அளக்க வேண்டும்.

கேள்வி: சாதாரண நாளில் கருவி செத்துவிட்டதை எப்படி அறிவார்கள்?

பதில்: நிலையான அளவிகள் பலவற்றுக்குள் ஒரு சிறு கதிர் மூலத்தை வைத்திருப்பார்கள். அதனால் திரை எப்போதும் பூஜ்ஜியத்துக்கு மேலேயே நிற்கும். குழாயை இயக்கும் ஹைவோல்டேஜ் (உயர் மின்னழுத்தம்) இறங்கினாலோ கேபிள் அறுந்தாலோ எண் அதற்குக் கீழே விழும். கீழ்வரம்பு அலாரம் அடிக்கும். ஆகவே பூஜ்ஜியம் தெரிந்தால் அது கோளாறு என்றே எடுத்துக்கொள்வார்கள். முதலில் ஹைவோல்டேஜ், அடுத்து கனெக்டர், பிறகு கேபிளின் காப்புத்தடை, கடைசியில்தான் கண்டுணர் குழாய் என்ற வரிசையில் பார்த்தால் நேரம் மிச்சம்.

காற்றை உறிஞ்சி ஃபில்டர் தாளில் தூசியைப் பிடித்து அளக்கும் கருவி இன்னும் ஏமாற்றும். தாள் கிழிந்தால் தூசி தங்காது, காற்று தூய்மை என்றே எண் வரும். எண்ணை மட்டும் பார்க்கிறவருக்கு இது தெரியவே தெரியாது. பம்பின் காற்றோட்ட அளவையும் கூடவே படிக்க வேண்டும்: திடீரென்று கூடினால் தாள் கிழிந்திருக்கும், மெல்லக் குறைந்துகொண்டே போனால் தாள் அடைத்திருக்கும்.