"இது யாருடையது?" என்று கேட்டால்

கேள்வி: எனக்கு 24 வயது. வேலையில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. புதுத்துணியாக வாங்கிக் குவிக்க வசதியில்லை, மனமும் இல்லை. என் அலமாரியில் பாதி அக்கா கொடுத்தது. மீதி செகண்ட் ஹேண்ட் கடைகளில் தேடி எடுத்தது. ஏதாவது விசேஷம் என்றால் தோழியிடம் இரவல். பிடித்துத்தான் போடுகிறேன். ஆனால் போன வாரம், அக்கா எட்டு வருடத்துக்கு முன் வாங்கிய சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனபோது, உடன் வேலை செய்பவர் ஒருவர் "இது யாருடையது?" என்று கேட்டுவிட்டார். கேலியாகக் கேட்கவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து கூச்சமாக இருக்கிறது. இன்னொரு நாள் பழங்காலத்து கவுன், அதற்கேற்ற கைப்பை, ஷூ என்று எல்லாம் சேர்த்துப் போட்டேன். நாடகத்துக்கு வேஷம் கட்டிய மாதிரி ஆகிவிட்டது. பழசையும் இரவலையும் வைத்துக்கொண்டு ஸ்டைலாக, என் சொந்த உடை மாதிரி உடுத்த முடியுமா? அடுத்த மாதம் ஒரு விழாவுக்குத் தோழியின் பச்சை சாட்டின் ஸ்கர்ட்டைக் கேட்கலாம் என்றிருக்கிறேன். கேட்கலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புத் தோழிக்கு,

தாராளமாக முடியும். முதலில் அந்தக் கோட்டைப் பற்றிப் பேசிவிடலாம்.

உங்களிடம் கேட்டவர் கோட் பழசு என்பதைக் கவனித்திருக்க மாட்டார். நல்ல கம்பளி எட்டு வருடத்தில் பழசாகத் தெரியாது. அவர் கண்ணில் பட்டது அநேகமாகத் தோள்தான். கோட்டை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நில்லுங்கள். கைகளைத் தளர்த்தித் தொங்கவிடுங்கள். உடம்போடு கையைச் சேர்க்கிற தையல் எங்கே விழுகிறது? உங்கள் தோள் எலும்பு முடிகிற இடத்தில் விழுந்தால் பிரச்சினை இல்லை. இரண்டு விரல் அகலம் தாண்டிக் கீழே இறங்கியிருந்தால், கோட்டுக்குள் இன்னொருவருக்கு இடம் காலியாக இருப்பது பார்க்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும். அதனால் வந்த கேள்விதான் அது.

இருபது வருடமாக நான் பிறர் உடுத்திய துணிகளைத்தான் அதிகம் உடுத்துகிறேன். பிரிக்கிறேன், தைக்கிறேன், பட்டன் மாற்றுகிறேன். என் அனுபவத்தில், ஒரு உடை இரவலாகத் தெரிவதற்கு அதன் வயது காரணமே இல்லை. அது உங்கள் உடம்புக்கு அளவாக இல்லை, உங்கள் கை அதில் படவில்லை என்பதுதான் காரணம். இந்த இரண்டையும் சரிசெய்துவிட்டால் அது உங்களுடையது.

தையல்காரரிடம் போவதற்கு முன், எது சுலபம், எது கஷ்டம் என்று தெரிந்துகொண்டு போங்கள். கை நீளத்தைக் குறைப்பது, பக்கத் தையலைப் பிடிப்பது, இடுப்பை இறுக்குவது, கீழ் மடிப்பை ஏற்றுவது எல்லாம் சுலபம். தோளைக் குறைப்பது கஷ்டம். கையை முழுதாகக் கழற்றி, வெட்டி, மறுபடி பொருத்த வேண்டும். லைனிங் உள்ள கோட் என்றால் வேலை இன்னும் கூடும். அதனால் கடையில் எடுக்கும்போது தோள் சரியாக இருப்பதை மட்டும் எடுங்கள், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உங்கள் அக்கா கோட்டுக்கு ஒரு வழி இருக்கிறது. தோள் கொஞ்சம்தான் தொங்குகிறது என்றால், மெல்லிய தோள் பேடு ஒன்று உள்ளே வைத்துத் தைத்தாலே தூக்கிக்கொடுத்துவிடும். அப்புறம் கையை மணிக்கட்டு எலும்பு வரை ஏற்றித் தைத்துவிடுங்கள். மணிக்கட்டு வெளியே தெரிகிற கோட் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும். அவ்வளவு சின்ன வேலைக்கு இவ்வளவு பலனா என்று ஆச்சரியப்படுவீர்கள்.

அளவாகத் தைத்த பழைய உடைகளில் இன்னொரு வசதி உண்டு. பல சமயம் தையலுக்குள் துணியைத் தாராளமாக விட்டிருப்பார்கள். ஒரு இன்ச், ஒன்றரை இன்ச் கூட இருக்கும். உள்ளே திருப்பிப் பாருங்கள். அப்படி இருந்தால் சிறிதாகிப்போன உடையையும் பெரிதாக்கலாம். பருத்தியும் கம்பளியும் பழைய தையல் தடத்தை ஓரளவு மறந்துவிடும். பட்டு, சாட்டின், வெல்வெட், தோல் ஆகியவற்றில் ஊசி ஓட்டை அப்படியே நிற்கும். அவற்றைப் பிரித்துப் பெரிதாக்க முயல வேண்டாம்.

அடுத்தது பட்டன். ஒரு உடையைச் சொந்தமாக்குவதற்கு இதைவிட எளிய வழியை நான் பார்த்ததில்லை. என் சித்தி எனக்கு ஒரு கருநீலக் கார்டிகன், அதாவது முன்பக்கம் பட்டன் போடுகிற ஸ்வெட்டர், கொடுத்தார். நல்ல பின்னல், ஆனால் பட்டன்கள் மங்கிப்போன பிளாஸ்டிக். அவற்றை எடுத்துவிட்டு ஆறு சிப்பிப் பட்டன்கள் வைத்தேன். ஒன்று போல் ஒன்று இல்லை. வெவ்வேறு பழைய சட்டைகளிலிருந்து சேர்த்தவை, அளவு மட்டும் ஒன்று. அடுத்த முறை பார்த்தபோது, "எங்கே வாங்கினாய்?" என்று சித்தியே கேட்டார்.

கோட்டுக்குப் பட்டன் தைக்கும்போது துணியோடு ஒட்டித் தைத்துவிடாதீர்கள். பட்டனுக்கு மேல் ஒரு தீக்குச்சியை வைத்து, அதன் மேலாக நூலை ஓட்டித் தையுங்கள். முடித்ததும் குச்சியை உருவிவிட்டு, பட்டனை மேலே இழுத்து, கீழே தளர்ந்து நிற்கிற நூலைச் சுற்றி நாலைந்து சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுங்கள். பட்டன் ஒரு சின்னக் காலில் நிற்கும். தடித்த துணி அதற்கடியில் நெருக்கமில்லாமல் உட்காரும், காஜாவும் இழுபடாது.

லேபிளில் இருக்கிற சைஸ் எண்ணை நம்பவே நம்பாதீர்கள். பல பிராண்டுகளில் காலப்போக்கில் அதே எண் பெரிய உடம்புக்கு உரியதாக மாறிவிட்டது. அரை நூற்றாண்டுக்கு முந்தைய உடையில் இன்றைய உங்கள் எண்ணைப் பார்த்து எடுத்தால் ஜிப் பாதியில் நின்றுவிடும். வீட்டில் உங்களுக்குக் கச்சிதமாக இருக்கிற சட்டையைத் தரையில் விரித்து, ஒரு அக்குளிலிருந்து இன்னொரு அக்குள் வரை இன்ச் டேப்பால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். தோள், இடுப்பு, நீளம் ஆகியவற்றையும். கடைக்குப் போகும்போது டேப் பையிலிருக்கட்டும்.

கடையில் ஒரு உடை பிடித்துவிட்டால் முதலில் அக்குளைப் பாருங்கள். உள்பக்கம் திருப்பி, மஞ்சள் கறை, விறைப்பு, நைந்த இழை இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். பழைய வியர்வைக் கறை அநேகமாகப் போகாது, வாங்காமல் வந்துவிடுங்கள். பிறகு துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். கம்பளியில் பூச்சி தின்ற ஊசிமுனை ஓட்டைகள் அப்போதுதான் தெரியும். பட்டு என்றால் மெதுவாக இரண்டு பக்கமும் இழுத்துப் பாருங்கள். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் எடை கூட்டுவதற்காக உலோக உப்பு ஏற்றிய பட்டு நிறைய வந்தது. அது காலப்போக்கில் வரிவரியாகக் கிழியும், தைத்தாலும் நிற்காது. 1930-கள் காலத்து ஜிகினா உடை கிடைத்தால் தண்ணீர் பட விடாதீர்கள். அந்தக் காலத்து ஜிகினாக்கள் பல ஜெலட்டினில் செய்தவை, கரைந்துவிடும்.

வயதைக் கணிக்க ஆசையிருந்தால் லேபிளே சொல்லும். அமெரிக்காவில் துவைக்கும் முறையைத் துணியிலேயே நிலையாகக் குறிக்கவேண்டும் என்ற விதி 1972-இல் வந்தது. கம்பளி நூல்கண்டு மாதிரி இருக்கும் 'ஊல்மார்க்' சின்னம் 1964-இல் அறிமுகமானது. லீவைஸ் ஜீன்ஸின் சிவப்புப் பட்டியில் உள்ள பெயரில் ஆங்கில 'E' எழுத்து 1971 வரை பெரிதாக இருக்கும், அதற்குப் பிறகு சிறிதாகிவிட்டது. பொதுவாக 20 வருடம் தாண்டியதைத்தான் வின்டேஜ் என்கிறார்கள். உங்கள் அக்கா கோட் வின்டேஜ் ஆக இன்னும் நாள் இருக்கிறது. இப்போதைக்கு அது ஒரு நல்ல கோட், அது போதும்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அலமாரியில் வைத்துவிடாதீர்கள். கம்பளியாக இருந்தால் காற்றுப் புகாத பையில் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்தால் பூச்சியும் முட்டையும் செத்துவிடும். பழைய வாடைக்கு வெயில் படாத காற்றோட்டம் முதல் மருந்து. நாடகக் குழுக்களில் துவைக்க முடியாத உடைகளின் உள்பக்கம் வோட்காவைத் தெளித்து உலரவிடுவார்கள், வாடை போய்விடும். தெரியாத ஒரு ஓரத்தில் சோதித்துப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

சரி, அந்த வேஷ நாளுக்கு வருகிறேன். அன்று போட்ட எதுவும் தப்பில்லை, எல்லாம் ஒரே காலத்திலிருந்து வந்ததுதான் தப்பு. உடை, பை, ஷூ எல்லாம் ஒரே பத்தாண்டைச் சொன்னால், பார்க்கிறவர்கள் அந்தப் பத்தாண்டைப் பார்ப்பார்கள், உங்களைப் பார்க்க மாட்டார்கள். அதே கவுனை நீங்கள் தினம் போடுகிற சாதாரண செருப்போடு, உங்கள் வழக்கமான தலைவாரலோடு, எந்த நகையும் இல்லாமல் போட்டுப் பாருங்கள். பழசு ஒன்று போதும், மற்றதெல்லாம் இன்றைய நீங்கள். பாரிஸில் ஓவியர் பிக்காசோவின் மகள் பலோமா பழைய சாமான் சந்தைகளில் எடுத்த 1940-கள் உடைகளைத் தன் இஷ்டப்படி உடுத்துவார். அதைப் பார்த்துத்தான் ஆடை வடிவமைப்பாளர் ஈவ் சான் லோரான் 1971-இல் ஒரு முழு ஆடைத் தொகுப்பே செய்தார். போர்க்கால நினைவைக் கிளறியதாகப் பத்திரிகைகள் அன்று கடுமையாகத் திட்டின, இளம்பெண்களோ அதே தோற்றத்தை எடுத்துக்கொண்டார்கள்.

கற்பனைக்கு எங்கே இடம் என்று கேட்பீர்கள். ஒரு உடையை அதன் வேலையிலிருந்து விடுவித்துப் பாருங்கள். கார்டிகனைத் திருப்பி, பட்டன் வரிசை முதுகில் வருகிற மாதிரி போட்டால் அது வேறு மேல்சட்டை. பழைய கவுன் மேலே பிடிக்கவில்லையா, அதன் மேல் ஸ்வெட்டர் போடுங்கள், கீழே ஸ்கர்ட் ஆகிவிடும். அப்பாவின் டையை பெல்ட்டாகக் கட்டலாம். ஆண்களின் வெள்ளைச் சட்டை ஒன்று கிடைத்தால் விடாதீர்கள். 1998 ஆஸ்கர் விழாவுக்கு நடிகை ஷாரன் ஸ்டோன் கணவரின் 'கேப்' (Gap) பிராண்டு சாதாரணச் சட்டையை நீண்ட சாட்டின் ஸ்கர்ட்டோடு போட்டுக்கொண்டு போனார். பளபளப்புக்குப் பக்கத்தில் மடிப்புக் கலையாத பருத்தி நிற்பதுதான் அதன் அழகு. உங்கள் பச்சை சாட்டின் ஸ்கர்ட்டுக்கும் இதையே சொல்வேன்.

இனி அந்த ஸ்கர்ட். கேளுங்கள், கூச்சமே வேண்டாம். 2020 ஜூலையில் பிரிட்டன் இளவரசி பீட்ரிஸ் தன் திருமணத்துக்கே பாட்டி எலிசபெத் ராணியின் உடையை இரவல் வாங்கி உடுத்தினார். நார்மன் ஹார்ட்நெல் வடிவமைத்த அந்த உடையை ராணி 1962-இல் ஒரு திரைப்படத்தின் முதல் காட்சிக்குப் போட்டிருந்தார். பேத்திக்காக அதில் குட்டைக் கைகள் வைத்துத் தைத்தார்கள். பார்த்தவர்கள் எல்லோரும் அது யாருடையது என்று தெரிந்தேதான் ரசித்தார்கள்.

ஆனால் ராணியின் உடையில் கை வைத்துத் தைத்ததைப் போல் உங்கள் தோழியின் ஸ்கர்ட்டில் செய்யக்கூடாது. கொடுத்துவிட்ட துணியில் கத்தரி வைக்கலாம், இரவல் துணியில் ஊசி கூட வைக்கக் கூடாது, சாட்டினில் ஓட்டை நிற்கும் என்று மேலே சொன்னேனே, அதுதான் காரணம். இடுப்பு தளர்வாக இருந்தால் உள்ளே ஒரு பெல்ட்டைக் கட்டி, சட்டையை மேலே விட்டுவிடுங்கள். நீளம் அதிகம் என்றால் இடுப்பில் ஒரு மடிப்பு மடித்துக்கொள்ளுங்கள். கேட்கும்போது, "ஏதாவது இருந்தால் கொடு" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். "அந்தப் பச்சை ஸ்கர்ட் வேண்டும், சனிக்கிழமை போடுகிறேன், செவ்வாய் கொண்டுவந்து தருகிறேன்" என்று நாளைச் சொல்லிக் கேளுங்கள். அவருக்கு மறுப்பதும் சுலபமாக இருக்கும், கொடுப்பதும் சுலபமாக இருக்கும். எப்படித் துவைப்பது, அயர்ன் படலாமா என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். ஏதாவது கறை பட்டுவிட்டால் மறைத்துத் துடைத்துப் பார்க்காமல் அன்றே சொல்லிவிடுங்கள்.

திருப்பிக் கொடுக்கப் போகும்போது உங்கள் அலமாரியிலிருந்து ஒன்றைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். அந்தக் கோட் தைத்து வந்திருந்தால், கோட்டையே கொண்டுபோய் அவரைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அவருக்கும் அடுத்த மாதம் ஏதாவது விழா இருக்கும்.