முதல் ஸ்டார் வார்ஸ் படத்துக்கு ரசிகர்கள் செய்த மீட்டெடுப்புகளில் எந்த நிறம் அசல்?

கேள்வி: 1977-ல் வந்த முதல் ஸ்டார் வார்ஸ் படத்தை ரசிகர்களே மீட்டெடுத்த பதிப்புகள் இரண்டு மூன்று பார்த்தேன். ஒவ்வொன்றிலும் நிறம் வேறாக இருக்கிறது. எதுதான் அசல்? இந்த வேலையை நானும் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் எங்கே தொடங்குவது?

பதில்:

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். அந்தப் படம் வெளியானபோது திரையில் எப்படித் தெரிந்தது என்பதற்கு இன்றைக்கு நம்பக்கூடிய சாட்சி ஒன்றுதான்: அந்த வருடம் டெக்னிகலர் சாய அச்சு முறையில் எடுத்த தியேட்டர் பிரிண்டுகள். வீடியோ கேசட், லேசர் டிஸ்க், டிவிடி, ப்ளூ-ரே, சின்ன வயதில் பார்த்த ஞாபகம் எல்லாம் அதற்கு அடுத்த இடத்தில்தான் வரும். எந்த ரசிகர் பதிப்பு அந்தப் பிரிண்டை விட்டு அதிகம் விலகாமல் இருக்கிறதோ, அதைத்தான் நான் அசலுக்குப் பக்கத்தில் வைப்பேன். பார்க்க எது அழகு என்பது வேறு விஷயம். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதி சண்டை நடக்கிறது.

ரசிகர்கள் ஏன் இதில் இறங்கினார்கள் என்பதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1997-ல் படத்தின் இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் சிறப்புப் பதிப்பை வெளியிட்டார். புதுக் காட்சிகள், கணினியில் செய்த உயிரினங்கள், மாற்றிய ஒலி எல்லாம் சேர்ந்தன. அதோடு மூல நெகட்டிவையே அந்தப் புது வடிவத்துக்கு ஏற்ப வெட்டி ஒட்டினார்கள். 2004 டிவிடி, 2011 ப்ளூ-ரே, 2019-ல் வந்த 4கே எல்லாம் அதன் வழிவந்தவை. பழைய வடிவம் 2006-ல் டிவிடியில் ஒரு கூடுதல் வட்டாக வந்தது, ஆனால் அது 1993 லேசர் டிஸ்க்குக்காகத் தயாரித்த வீடியோ மாஸ்டர். அகலத்திரைத் தொலைக்காட்சியில் நாலு பக்கமும் கறுப்புப் பட்டை, நடுவில் சின்னதாகப் படம். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் 1989-லேயே, முதல் தொகுதியிலேயே, இடம்பிடித்த படத்துக்கு இந்த நிலை. எனக்கு இன்றும் இது ஆறவில்லை.

சரி, நிறத்துக்கு வருவோம். சாயத்தின் கதை தெரியாமல் இதில் ஒரு அடிகூட நகர முடியாது.

அந்தக் காலத்துச் சாதாரண ஈஸ்ட்மேன் கலர் பிரிண்டில் சாயங்கள் பிலிமுக்குள்ளேயே, டெவலப் செய்யும்போது நடக்கும் வேதிவினையில் உருவாகும். அவை நிலைத்து நிற்பவை அல்ல. டப்பாவைத் திறக்காமல் இருட்டில் வைத்திருந்தாலும் மங்கிக்கொண்டே போகும். முதலில் அடிவாங்குவது சயான், அதாவது பச்சை கலந்த நீலச் சாயம். சயான் சாயத்தின் வேலை சிவப்பு ஒளியைத் தடுப்பது. அது போய்விட்டால் சிவப்பைத் தடுக்க ஆளில்லை. பாலைவன மணல், முகம், வானம், கடைசியில் விண்வெளியின் கறுப்பு உட்பட எல்லாமே ரோஜா நிறத்துக்கும் செங்கல் நிறத்துக்கும் நடுவில் எங்கோ போய் நின்றுவிடும். எழுபதுகளின் பழைய பிரிண்டுகள் பெரும்பாலும் இந்த நிலைமையில்தான் கிடைக்கின்றன.

டெக்னிகலரின் சாய அச்சு வேறு வழியில் போனது. மூன்று நிறங்களுக்கு மூன்று ஜெலட்டின் அச்சுகள். ஒவ்வொன்றையும் அதனதன் சாயத்தில் ஊறவைத்து, வெற்று பிலிமின் மேல் ஒன்றன்பின் ஒன்றாக ஒற்றி எடுப்பார்கள். புத்தகம் அச்சடிப்பதற்குப் பக்கத்தில் வரும் வேலை. சாயம் வேதிவினையில் பிறக்க வேண்டிய அவசியம் இல்லாததால், மங்காத சாயமாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்க முடிந்தது. அமெரிக்காவில் இந்த முறையை எழுபதுகளின் நடுவிலேயே நிறுத்திவிட்டார்கள். லண்டனில் இருந்த ஆலை 1977-லும் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே அச்சான பிரிண்டுகளால்தான் இந்தப் படத்தின் நிறத்தைப் பற்றி நாம் இன்று ஓரளவு உறுதியோடு பேச முடிகிறது. பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் தன் காப்பகத்தில் வைத்திருந்த அப்படி ஒரு பிரிண்டை 2025 ஜூனில் லண்டனில் திரையிட்டது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழிந்தும் மங்காத பிரிண்ட் அது.

நீங்கள் பார்த்தவற்றில் 4கே77 என்ற ரசிகர் பதிப்பு இருந்திருக்கும். அதன் பெரும்பகுதி ஒரே ஒரு டெக்னிகலர் பிரிண்டை 4கே தரத்தில் ஸ்கேன் செய்து எடுத்தது. ஹார்மி என்ற பெயரில் அறியப்படும் செக் நாட்டு ரசிகரின் டிஸ்பெஷலைஸ்டு பதிப்பு இன்னொரு வழி. அதிகாரபூர்வ வட்டை அடிப்படையாக வைத்து, மாற்றிய இடங்களைப் பல மூலங்களிலிருந்து பழையபடி ஒட்டி, நிறத்தையும் ஷாட் ஷாட்டாகத் திருப்பிக் கொண்டுவந்தது. அந்த உழைப்பைக் குறைத்துச் சொல்ல மனம் வராது. ஆனால் இரண்டும் நிறத்தில் வேறுபடத்தான் செய்யும், ஏனென்றால் ஒன்று பிரிண்டிலேயே கிளம்புகிறது, மற்றது வேறொருவர் ஏற்கெனவே கிரேடிங் செய்த, அதாவது நிறம் மாற்றி அமைத்த படத்தில் கிளம்பிப் பிரிண்டை நோக்கிப் போகிறது.

பிரிண்ட் கையில் இருந்தாலும் எல்லாம் தீர்ந்துவிடாது. பல தியேட்டர்களில் அந்தப் பிரிண்டுக்குப் பின்னால் எரிந்தது செனான் விளக்கு, அதன் வெள்ளை சுமார் 5400 கெல்வின். வீட்டுத் திரையின் வெள்ளை 6500 கெல்வின், கொஞ்சம் நீலத்தின் பக்கம். இருட்டு அரங்கில் செனான் வெள்ளைக்குக் கண் பழகிவிடும் என்பதால், வீட்டுத் திரையின் வெள்ளையையே வெள்ளையாக வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். திரையில் விழுந்த அந்த லேசான மஞ்சள் சூட்டையும் சேர்த்தே காட்ட வேண்டும் என்று இன்னொரு சாரார். நான் முதல் கட்சி. ஆனால் இரண்டாவது கட்சியிலும் நேர்மையானவர்கள் இருக்கிறார்கள், நீங்கள் பார்த்த வித்தியாசத்தில் ஒரு பங்கு இங்கேயிருந்து வந்ததாக இருக்கலாம்.

அப்புறம் ரீல். 121 நிமிடப் படம் தியேட்டருக்கு ஒரே துண்டாகப் போவதில்லை. இருபது நிமிடம் சுமாருக்கு ஒரு ரீல் என்று ஆறு ரீல். ஒவ்வொன்றும் தனியாக அச்சானது. அதனால் ஒரு ரீல் லேசாகப் பச்சை பக்கம் சாயும், அடுத்தது மஞ்சள் பக்கம் சாயும். இந்தச் சாய்வைக் கண்டுபிடித்து ரீல் முழுக்க ஒரே திருத்தமாகப் போடுவதுதான் நிறம் திருத்துகிறவர் செய்ய வேண்டிய முதல் வேலை. அதற்குப் பிறகு காட்சி. ஷாட் அளவில் கைவைப்பது கடைசி, அதுவும் காரணம் இருந்தால் மட்டும். புதிதாக வருகிறவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதல் ஷாட்டை எடுத்து அழகாக்கி, அதற்கு ஏற்ப இரண்டாவதை மாற்றி, இப்படியே போனால் பத்தாவது நிமிடத்தில் பிரிண்டுக்கும் அவர்கள் வேலைக்கும் சம்பந்தமே இருக்காது.

ஷாட் அளவில் கைவைக்க நியாயமான காரணம் எது என்பதற்கு ஒரு உதாரணம். இந்தப் படத்தில் ஒரு காட்சியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது திரையைத் துடைத்துக்கொண்டு அடுத்த படம் வருகிற வைப் மாற்றங்கள் நிறைய. அந்தக் காலத்தில் வைப் செய்ய இரண்டு ஷாட்டுகளையும் ஆப்டிகல் பிரிண்டரில் மறுபடி படமெடுக்க வேண்டும். அந்தத் துண்டு நகலின் நகலாகி ஒரு தலைமுறை கீழே போய்விடும். கிரெயின் (பிலிமில் இயல்பாகத் தெரியும் பொடிப்புள்ளிகள்) தடிக்கும், கான்ட்ராஸ்ட் ஏறும், நிறமும் நகரும். வைப் தொடங்கும் முன்பே, வெட்டு விழுந்த ஃபிரேமில் படம் சட்டென்று மாறுவதைக் கவனித்துப் பாருங்கள். ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் ஒவ்வொரு வைப்பிலும் தெரியும். 1977-ல் தியேட்டரிலும் அது இருந்தது. ஆகவே நான் அதை முழுசாக மறைக்க மாட்டேன். ஸ்கேனில் அது மிகையாகத் தெரிந்தால், வெட்டு விழுந்த அதே ஃபிரேமிலிருந்து ஒரு சின்னத் திருத்தம், அவ்வளவுதான்.

கறுப்புதான் இந்தப் படத்தில் மிகக் கடினம். அதற்கு ஒரு நல்ல அளவுகோல் படத்துக்குள்ளேயே இருக்கிறது. எதிரிகளின் போர் விண்கலங்களான டை ஃபைட்டர்கள் பறக்கும் ஷாட்டுகளைப் பழைய வீடியோ கேசட்டில் பார்த்தவர்களுக்கு, ஒவ்வொரு விண்கலத்தைச் சுற்றியும் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம் கூடவே பறந்தது ஞாபகம் இருக்கும். விண்கலத்தின் மாடலைத் தனியாக நீலத்திரை (பின்னணியைப் பிறகு மாற்ற வைக்கும் நீலத் திரைச்சீலை) முன்னால் எடுத்து, அதைச் சுற்றித் தோராயமாக ஒரு மறைப்பு வெட்டி, நட்சத்திரப் பின்னணியோடு ஆப்டிகலில் சேர்த்தார்கள். மறைப்பின் கறுப்பும் விண்வெளியின் கறுப்பும் நூலிழை வித்தியாசம். தியேட்டர் பிரிண்டின் கான்ட்ராஸ்டில் இரண்டும் ஒன்றாக இருட்டுக்குள் போய்விடும். வீடியோவுக்கு மாற்றும்போது நிழல்களைத் தூக்கி வெளிச்சமாக்கியதால்தான் கட்டங்கள் வெளியே வந்தன. அதனால் உங்கள் திருத்தத்தில் கட்டங்கள் பளிச்சென்று தெரிந்தால் கறுப்பை அதிகம் தூக்கியிருக்கிறீர்கள். கட்டங்களோடு சேர்ந்து விமானிகளின் கறுப்பு உடையின் மடிப்புகளும் காணாமல் போனால் அதிகம் அமுக்கியிருக்கிறீர்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அந்தக் குறுகிய இடத்தில்தான் நிற்க வேண்டும். 2004 டிவிடியில் கறுப்பை ரொம்பவே அமுக்கியிருந்தார்கள், நீலம் ஏறியிருந்தது. விண்கலத்துக்குள் லூக் பயிற்சி எடுக்கும் காட்சியில் அவன் கையிலிருந்த நீல ஒளிவாள் பச்சையாகவே தெரிந்தது. அதிகாரபூர்வம் என்பதாலேயே ஒரு நிறம் சரியாகிவிடாது என்பதற்கு அந்தக் காட்சி போதும்.

இதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு: பிழை அல்லாததைத் திருத்துவது. விண்வெளிப் போரில் எக்ஸ்-விங் என்ற போர் விண்கலத்தின் முதுகில் உட்கார்ந்திருக்கும் ஆர்2-டி2 ரோபோவைப் பாருங்கள். அதன் நீலப் பட்டைகள் அங்கே கறுப்பாக இருக்கும். நிறம் மங்கிவிட்டது என்று நினைக்கத் தோன்றும். அது நீலத்திரையின் விளைவு. நீலத்திரை முன்னால் நீலமாக எது இருந்தாலும் சிக்கல் என்பதால்தான் எக்ஸ்-விங்குகளின் கோடுகளே சிவப்பில் இருக்கின்றன. அந்தப் பட்டைகளை நீலமாக்க முயன்றால் சுற்றியிருக்கும் எல்லாம் கெடும். ஓபி-வான், டார்த் வேடர் மோதும் காட்சியில் வாள் கேமராவை நோக்கித் திரும்பும்போது ஒளி செத்துப்போய் வெறும் குச்சி மாதிரி தெரியும். காற்றில் மிதப்பதாகக் காட்டும் லேண்ட்ஸ்பீடர் வண்டியின் அடியில் சக்கரங்களை மறைக்க லென்ஸில் தடவிய வாஸலீனின் மங்கல் தெரியும். அவையும் அப்படித்தான். அது அந்தப் படத்தைச் செய்தவர்களின் கைத்தடம், அதைத் துடைக்க நமக்கு உரிமை இல்லை. துடைத்துவிட்டால் அதுவும் இன்னொரு சிறப்புப் பதிப்பு, அவ்வளவுதான்.

மங்கிப்போன ஈஸ்ட்மேன் பிரிண்ட் மட்டும் கிடைத்தால் என்ன செய்வது? கொஞ்சம் மீட்கலாம். ஸ்கேன் செய்யும்போதே சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனி எக்ஸ்போஷர் கொடுத்தால், மிச்சமிருக்கும் மெல்லிய சயான் விவரம் முழுசாகப் பதிவாகும். பிறகு அந்தச் சேனலை விரித்து மற்ற இரண்டோடு சமப்படுத்தலாம். ஆனால் விரிக்கும்போது கிரெயினும் சேர்ந்தே விரியும். சாயம் அடியோடு போன இடத்தில் எந்த மென்பொருளும் அதைத் திருப்பித் தராது. அங்கே நாம் போடும் நிறம் ஊகம். அதை ஊகம் என்று வெளிப்படையாகச் சொல்லும் திட்டங்களை நான் மதிக்கிறேன்.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. படத்தின் உரிமை முழுக்க டிஸ்னியின் கீழ் இருக்கும் லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்துடையது, இந்தப் பதிப்புகளுக்கு அனுமதி கிடையாது. அதிகாரபூர்வ வட்டை வாங்கியவர்கள் மட்டும் பார்க்கட்டும், காசுக்கு விற்கக்கூடாது என்பது இதைச் செய்கிறவர்கள் தங்களுக்குள் வைத்திருக்கும் கட்டுப்பாடு. அதனால் சட்டம் மாறிவிடாது, தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

கற்றுக்கொள்ள ஸ்டார் வார்ஸில் தொடங்காதீர்கள். இந்த ஒரு படத்திலேயே 1,74,000-க்கு மேல் ஃபிரேம்கள், மலைத்துப்போய் விட்டுவிடுவீர்கள். இன்டர்நெட் ஆர்க்கைவில் ப்ரெலிங்கர் தொகுப்பு என்று ஒன்று இருக்கிறது. பழைய கல்விப் படங்கள், விளம்பரப் படங்கள், பல நிறம் மங்கியவை, இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். நிறம் திருத்தும் மென்பொருளான டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு போதும். மென்பொருளுக்கு முன்னால் மானிட்டரை அளவீட்டுக் கருவி வைத்துச் சரிசெய்துவிடுங்கள், அறையில் வண்ண விளக்கு எதுவும் எரியக்கூடாது. கண்ணை மட்டும் நம்பாமல் வேவ்ஃபார்ம் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்), வெக்டர்ஸ்கோப் (நிறச் சாய்வைக் காட்டும் வரைபடம்) இரண்டையும் படிக்கப் பழகுங்கள், ஏனென்றால் ரோஜா நிறப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தால் கண் அதையே வெள்ளையாக ஏற்றுக்கொள்ளும். ஒரு பத்து நிமிடப் படத்தை எடுத்து நிறத்தை மட்டும் தொடுங்கள். தூசி, கீறல், கூர்மை எதிலும் கைவைக்க வேண்டாம், கிரெயினைத் தேய்க்கவே வேண்டாம். முடித்ததும் ஒரு நாள் மூடி வைத்துவிட்டு மறுநாள் மூல ஸ்கேனோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்த ஷாட்டிலாவது சிக்கினால் இரண்டு ஃபிரேமையும் சேர்த்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.