அடிக்குறிப்பைப் பிடித்துக்கொண்டு போங்கள்

கேள்வி: வரலாறு, கலை, பண்பாடு பற்றிய பழைய ஆய்வு நூல்களை எப்படித் தேடிக் கண்டுபிடிக்கிறீர்கள்?

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததே ஓர் அடிக்குறிப்பால்தான். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜன் 400 ஆடல்மகளிரைக் கொண்டுவந்து குடியமர்த்தினான் என்று ஒரு புத்தகத்தில் படித்தேன். கீழே பொடி எழுத்தில் 'தெ.இ.க. 2, எண் 66' என்றிருந்தது. அது என்ன என்று புரியவே இரண்டு நாள் ஆனது. தென்னிந்தியக் கல்வெட்டுகள்! 1890இல் ஜெர்மானியக் கல்வெட்டறிஞர் ஹூல்ஷ் தொடங்கிவைத்த நூல் வரிசை. இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தில் இலவசமாகவே கிடந்தது.

திறந்தால், தெருத் தெருவாக, வீடு வீடாக ஒரு பட்டியல். தெற்குத் தளிச்சேரி, தென்சிறகு, இத்தனையாம் வீடு, இன்ன ஊர்க் கோயிலிலிருந்து வந்த இன்னார். தளிச்சேரி என்றால் கோயில் ஆடல்மகளிரின் குடியிருப்பு, சிறகு என்றால் தெருவின் ஒரு பக்கத்து வீட்டு வரிசை. ஆளுக்கு ஒரு பங்கு, அதற்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். பெண்கள் முடிந்ததும் நட்டுவர், தையான், கன்னான், ஈரங்கொல்லி என்று பட்டியல் நீள்கிறது. ஈரங்கொல்லி என்பது வண்ணாருக்கு அன்றிருந்த பெயர். இதையெல்லாம் '400 பேர்' என்று ஒரே வரியில் தாண்டிப்போனவர்கள் மேல் அன்றைக்கு எனக்குக் கோபமே வந்தது.

அதிலிருந்து என் வழி இதுதான். பிடித்த புத்தகம் எதுவானாலும் முதலில் அடிக்குறிப்பு. அப்புறம் பின்னட்டை. பழைய பதிப்பகங்கள் கடைசிப் பக்கங்களில் தங்கள் மற்ற வெளியீடுகளை விலையோடு போட்டிருப்பார்கள். அதைவிட நல்ல நூற்பட்டியல் கிடையாது.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தேடும்போது இன்றைய சொல்லை மட்டும் போட்டுவிட்டு 'இல்லை' என்று முடிவு கட்டாதீர்கள். வரலாறு கிடைக்காவிட்டால் சரித்திரம், சரித்திரமும் இல்லையென்றால் சரிதம். கல்வெட்டுக்குச் சாசனம். ஆண்டும் ஏமாற்றும்: முகப்பில் வெறும் 'பிலவ வருஷம்' என்றிருந்தால் அது 1901ஆகவும் இருக்கலாம், 1961ஆகவும் இருக்கலாம். அச்சகத்தின் பெயரையும் எழுத்து அச்சையும் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

கலை நூல்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. ஸ்கேன் செய்கிறவர்கள் மடித்து ஒட்டிய வரைபடத்தைப் பெரும்பாலும் பிரிப்பதில்லை. முதுகுப்புறம்தான் படமாகி வந்திருக்கும். இது தெரியாமல் ஒரு சிற்ப நூலின் மறுபதிப்பை ஆன்லைனில் வாங்கினேன். அதே ஸ்கேனை அப்படியே அச்சடித்திருக்கிறார்கள். படங்கள் எல்லாம் கரி பூசிய கட்டங்கள். எது துவாரபாலகர், எது தூண் என்று தெரியவில்லை.

அந்த மாதிரி நூலுக்கு நேரில்தான் போகவேண்டும். சென்னை என்றால் கன்னிமாரா நூலகம், அல்லது தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். முத்தையா கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிய ஓவியர். தன் காசில் சேர்த்தவை அத்தனையும். அவர் மறைவுக்குப் பின் 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது, ஆனால் நூல்கள் சென்னையிலேயே இருக்கின்றன. ஈழத்து நூல்களுக்கு 'நூலகம்' என்ற பெயரிலேயே ஓர் இணையதளம் இருக்கிறது.

எல்லாம் கிடைத்துவிடும் என்று நினைக்காதீர்கள். ஒரு பின்னட்டையில் 'விலை எட்டணா' என்று பார்த்த தலவரலாறு ஒன்றை இரண்டு வருஷமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.