தோட்டா போர் தொடுக்குமா?

கேள்வி: “ஒரு மாணவன் சுட்ட குண்டால் முதல் உலகப் போர் வந்தது. வெர்சாய் ஒப்பந்தத்தால் ஹிட்லர் வந்தான். ஹிட்லரால் இரண்டாம் உலகப் போர் வந்தது. இதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லும். சென்ற இதழில் நீங்கள் இதை ‘அரைகுறை வரலாறு’ என்று எழுதியது ஏன்? தவிர, ஐரோப்பியர் தங்களுக்குள் அடித்துக்கொண்டதற்கு நாம் ஏன் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்?”
– வாசகர் ஒருவர், தென்காசி

பதில்: உங்கள் மூன்று வாக்கியங்களும் ‘வந்தது’, ‘வந்தான்’, ‘வந்தது’ என்று முடிவதைப் பாருங்கள். மழை வந்தது, வெள்ளம் வந்தது என்று சொல்வதைப் போல. போர் அப்படி வரவில்லை ஐயா. தொடுத்தார்கள். தொடுத்தவர்களுக்குப் பெயர் உண்டு, தேதி உண்டு, கையெழுத்து உண்டு. அவர்களை விட்டுவிட்டுத் தோட்டாவைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதைத்தான் அரைகுறை என்றேன்.

1914 ஜூன் 28, ஞாயிற்றுக்கிழமை. சரயேவோ நகரில் அன்று காலை ஆஸ்திரிய இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டின் ஊர்வலத்தின் மீது ஒருவன் குண்டு வீசினான். இளவரசர் தப்பினார், பின்னால் வந்தவர்கள் காயமடைந்தார்கள். அவர்களைப் பார்க்க மருத்துவமனைக்குப் புறப்பட்டபோது ஓட்டுநர் தவறான தெருவில் திரும்பினார். தவறு தெரிந்து காரை நிறுத்திய இடத்தில் 19 வயது போஸ்னிய செர்பிய மாணவன் கவ்ரிலோ பிரின்சிப் நின்றுகொண்டிருந்தான். அவன் சுட்டதில் இளவரசரும் மனைவி சோஃபியும் இறந்தார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று இதைச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது போதவில்லை. பழம் உடனே விழவில்லையே! ஆஸ்திரியா செர்பியாவின் மீது போர் அறிவித்தது ஜூலை 28ஆம் தேதி. இடையில் முழுதாக முப்பது நாட்கள். அந்த முப்பது நாட்களில் மரத்தின் மேல் ஏறியவர்கள் யார் என்பதுதான் கேள்வி.

ஆஸ்திரியப் படைத் தலைமைத் தளபதி கொன்ராட், செர்பியாவைத் தாக்க வேண்டும் என்று பல ஆண்டுகளாக வற்புறுத்தி வந்தவர். அவருக்குத் தடை போட்டவர்களில் ஒருவர், இந்தக் கொலையுண்ட இளவரசரேதான். செர்பியாவின் மீது போர் தொடுத்தால் ரஷ்யா வரும், சாம்ராஜ்யம் தாங்காது என்று அவர் அறிந்திருந்தார். அவர் பிணத்தைக் காட்டியே அவர் வேண்டாம் என்ற போரைத் தொடுத்தார்கள். ஜூலை 5ஆம் தேதி பெர்லினுக்கு அருகே போட்ஸ்டாமில் ஜெர்மன் பேரரசர் வில்ஹெல்ம், என்ன செய்தாலும் உங்கள் பக்கம் நிற்போம் என்று ஆஸ்திரியாவுக்கு வாக்குக் கொடுத்தார். மறுநாளே நார்வேக் கடலுக்கு உல்லாசப் பயணம் கிளம்பிவிட்டார்.

செர்பியாவுக்கான இறுதி எச்சரிக்கையை ஆஸ்திரியத் தலைநகர் வியன்னா எழுதி முடித்த பிறகும் உடனே கொடுக்கவில்லை. பிரெஞ்சு அதிபர் புவான்காரே அப்போது ரஷ்யத் தலைநகரில் விருந்தாளி. அவர் கப்பலேறும் வரை காத்திருந்து, ஜூலை 23 மாலை ஆறு மணிக்குக் கொடுத்தார்கள். பிரான்ஸும் ரஷ்யாவும் உட்கார்ந்து பேசிவிடக் கூடாது என்பதற்காக. கெடு 48 மணி நேரம். செர்பியா ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் இணங்கிப் பதில் எழுதியது. தன் மண்ணில் ஆஸ்திரிய அதிகாரிகள் புலன்விசாரணை நடத்துவதை மட்டும் மறுத்தது. அந்தப் பதிலை ஜூலை 28 காலையில் படித்த வில்ஹெல்மே, இனிப் போருக்குக் காரணம் ஏதுமில்லை என்று குறிப்பெழுதினார். அன்றே வியன்னா போரை அறிவித்துவிட்டது.

செர்பியா அப்பழுக்கற்றது என்று நான் சொல்லவில்லை. கொலையாளிகளின் கையில் ஆயுதம் கொடுத்த வலையில் செர்பிய ராணுவ உளவுப் பிரிவின் தலைவரே இருந்தார். ரஷ்ய ஜார் முழுப் படைதிரட்டலுக்கு ஆணையிட்டு, ஜூலை 29 இரவு அதை நிறுத்தி, மறுநாள் மறுபடியும் ஆணையிட்டார். ஆகஸ்ட் 1ஆம் தேதி வில்ஹெல்ம் படைகளைக் கிழக்கே மட்டும் அனுப்பினால் என்ன என்று கேட்டபோது, படைகளை ரயில்களில் மேற்கே கொண்டுபோகும் திட்டத்தை இனி மாற்ற முடியாது என்று ஜெர்மன் தளபதி மோல்ட்கே கையை விரித்தார். பல லட்சம் உயிர்களை ரயில் கால அட்டவணைக்கு அடகு வைத்திருந்தார்கள். எல்லோருக்கும் பங்குண்டு. ஆனால் எல்லோருக்கும் சம பங்கு என்று ஒரு சமாதானம் சொல்வார்களே, அதை நான் ஏற்க மாட்டேன். பெரும்பழி வியன்னாவுக்கும் பெர்லினுக்கும்தான்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்ட் 4ஆம் தேதி ஜெர்மனி பெல்ஜியத்துக்குள் நுழைந்தது, பிரிட்டன் போர் அறிவித்தது. வைஸ்ராய் ஹார்டிஞ்ச் ஓர் இந்தியரைக்கூடக் கேட்காமல் இந்தியாவையும் அதில் சேர்த்தார். செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது. அந்தப் பெயரை இன்றும் நாம் கெட்டிக்காரர்களுக்குச் சூட்டிக்கொண்டிருக்கிறோம். ஆனால் கடல் கடந்து போன பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியப் படையினரை எத்தனை பேர் நினைக்கிறோம்? பிரான்ஸின் சேற்றிலும் மெசப்பொட்டேமியாவின் வெயிலிலும் மாண்டவர்கள் ஏறத்தாழ 74,000 பேர். அதற்குக் கிடைத்த கூலி, 1919 மார்ச்சில் ரௌலட் சட்டம், ஏப்ரல் 13இல் ஜாலியன்வாலா பாக். ‘ஐரோப்பியர் தங்களுக்குள்’ என்று இனி எழுதாதீர்கள்.

இப்போது வெர்சாய், தோற்ற ஜெர்மனியுடன் வென்ற நாடுகள் செய்துகொண்ட சமாதான ஒப்பந்தம். 1919 ஜூன் 28, சரயேவோக் கொலையின் ஐந்தாம் ஆண்டு நாளில் கையெழுத்தானது. கடுமையான ஒப்பந்தம், மறுக்கவில்லை. ஜெர்மனி தன் நிலப்பரப்பில் ஏறத்தாழ 13 விழுக்காட்டை இழந்தது. படை ஒரு லட்சத்துக்கு மேல் கூடாது என்றார்கள். ஆனால் அதே ஜெர்மனி 1918 மார்ச்சில் பிரெஸ்ட்-லிட்டோவ்ஸ்க் ஒப்பந்தத்தில் தோற்ற ரஷ்யாவிடம் பறித்துக்கொண்டது இதைவிடப் பன்மடங்கு. இழப்பீடு 13,200 கோடி தங்க மார்க் என்று 1921இல் விதித்தார்கள். அதில் 8,200 கோடி, வசூலாகாது என்று விதித்தவர்களுக்கே தெரிந்த கணக்கு. 1932 ஜூலையில் லோசான் மாநாடு இழப்பீட்டையே ஏறக்குறைய முடித்து வைத்தது. ஹிட்லர் பதவிக்கு வந்தது அதற்குப் பிறகு, 1933 ஜனவரி 30இல்.

வாக்குகளையும் பாருங்கள். ஒப்பந்தம் கையெழுத்தாகி ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1928 தேர்தலில் நாஜிக் கட்சி பெற்றது 2.6 விழுக்காடு. வெர்சாய்தான் ஹிட்லரைப் பெற்றது என்றால் இத்தனை காலம் பிள்ளை எங்கே இருந்தது? உலகப் பொருளாதார வீழ்ச்சி வந்து, ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலையிழந்து நின்ற 1932 ஜூலையில்தான் அது 37.3 ஆனது.

ஜெர்மனியை உண்மையில் அரித்தது ஒரு பொய். அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். 1918 செப்டம்பர் 29ஆம் தேதி, உடனே போர் நிறுத்தம் கேளுங்கள் என்று பேரரசரிடம் சொன்னது யார்? தளபதிகள் லூடன்டோர்ஃபும் ஹிண்டன்பர்க்கும். தோல்வி உறுதி என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் அதன் பழி தங்கள் மேல் விழாதபடி, அரசியல்வாதிகளே ஆட்சியில் உட்கார்ந்து சமாதானத்தை முடிக்கட்டும் என்று லூடன்டோர்ஃப் தம் அதிகாரிகளிடம் சொன்னார். அப்படித்தான் மத்தியாஸ் எர்ஸ்பெர்கர் என்ற நாடாளுமன்ற உறுப்பினர், படைச் சீருடை அணியாத ஒருவர், பிரான்ஸின் கொம்பியேன் காட்டில் நின்ற ரயில் பெட்டிக்குப் போய் நவம்பர் 11 அதிகாலையில் போர் நிறுத்தத்தில் கையெழுத்திட்டார். ஓராண்டுக்குப் பிறகு ஹிண்டன்பர்க் நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் முன் நிமிர்ந்து நின்று, எங்கள் படையை முதுகில் குத்திவிட்டார்கள் என்றார். தாம் கேட்டு வாங்கிய போர் நிறுத்தத்தை! இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இரத்தம் கொதிக்கிறது. தோற்கவில்லை, காட்டிக்கொடுக்கப்பட்டோம் என்று நம்பத் தொடங்கிய மக்களுக்கு எந்த ஒப்பந்தமும், எவ்வளவு மென்மையாக இருந்திருந்தாலும், துரோகமாகத்தான் தெரிந்திருக்கும்.

பொய் சொன்ன ஹிண்டன்பர்க்கை 1925இல் ஜெர்மானியர்கள் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். ஹிட்லருக்குப் பிரதமர் பதவி கொடுத்து ஆணையிட்டது அந்தக் கைதான். அதற்கு முந்தைய 1932 நவம்பர் தேர்தலில் நாஜிகளின் வாக்கு 33.1க்கு இறங்கியிருந்தது என்பதையும் சேர்த்து நினையுங்கள்.

எர்ஸ்பெர்கர் 1921 ஆகஸ்ட் 26ஆம் தேதி பிளாக் ஃபாரஸ்ட் மலைப்பாதையில் நடந்துகொண்டிருந்தபோது முன்னாள் படை அதிகாரிகள் இருவர் சுட்டுக் கொன்றார்கள். வெளிநாட்டுக்குத் தப்பிய அவர்களுக்கு 1933இல் நாஜி அரசு பொது மன்னிப்பு வழங்கியது. அவர் கையெழுத்திட்ட அதே ரயில் பெட்டியை 1940 ஜூனில் அருங்காட்சியகத்திலிருந்து வெளியே இழுத்து வரச் செய்தார் ஹிட்லர், பிரான்ஸ் அதில் உட்கார்ந்து சரணடைய வேண்டும் என்பதற்காக.