மலையிறக்கத்தில் பிரேக் தளர்ந்தால் எதை முதலில் மாற்றுவது?

கேள்வி: 2016-ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வாகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. கார் வைத்திருக்கிறேன். 78,000 கி.மீ. ஓடியிருக்கிறது. பெரும்பாலும் கோவைக்குள்தான் ஓட்டம். மாதம் ஒருமுறை ஊட்டி. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது பாதி வழியில் கருகல் வாடை அடிக்கிறது. பிரேக் பெடல் மெத்தென்று ஆகி, வழக்கத்தைவிட ஆழமாக இறங்குகிறது. அரை மணி நேரம் ஓரம் கட்டினால் சரியாகிவிடுகிறது. பெரிய டிஸ்க்கும் நாலு பிஸ்டன் காலிப்பரும் போடச் சொல்கிறார்கள். ஒரு லட்சத்துக்கு மேல் கேட்கிறார்கள். என் பட்ஜெட் 30,000 ரூபாய். எப்படிச் செலவழிக்கலாம்?

பதில்: அந்த ஒரு லட்சம் இப்போது வேண்டாம். உங்கள் வண்டியில் என்ன நடக்கிறது என்பதை நீங்கள் எழுதிய அறிகுறியே சொல்லிவிடுகிறது. சூட்டில் பிரேக் இரண்டு விதமாகக் கைவிடும். பெடல் கல்லு மாதிரி கெட்டியாக இருந்தும் வண்டி நிற்க மறுத்தால், சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் உராய்வுத் துண்டான பேடு தன் வெப்ப எல்லையைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். பெடல் மெத்தென்று கீழே போனால், பேடை டிஸ்க்கில் அழுத்தும் கவ்வியான காலிப்பருக்குள் இருக்கும் பிரேக் ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் உண்டாகியிருக்கிறது. திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம்; அதனால்தான் கால் கீழே போகிறது, காலிப்பரில் அழுத்தம் ஏறுவதில்லை. ஆறினால் ஆவி மீண்டும் திரவமாகிவிடும், பெடலும் பழையபடி மேலே வரும். உங்களுக்கு நடப்பது இந்த இரண்டாவது. கருகல் வாடையைப் பார்த்தால் பேடும் எல்லைக்கு அருகில் இருக்கிறது. இது சரிசெய்யக்கூடியது. ஆனால் சரிசெய்யும்வரை அந்த மலையில் இறங்காதீர்கள். அடுத்த முறை அரை மணி நேரம் ஓரம் கட்ட இடம் கிடைக்கும் என்று உறுதி இல்லை.

முதலில் கணக்கைப் பாருங்கள். குன்னூருக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் உயர வேறுபாடு ஏறத்தாழ 1,500 மீட்டர். நாலு பேரும் பெட்டியும் ஏறினால் உங்கள் வண்டி சுமார் 1,400 கிலோ. இறக்கத்தில் கரைக்க வேண்டிய ஆற்றல் 2 கோடி ஜூலுக்கு மேல். 100 கி.மீ. வேகத்திலிருந்து ஒருமுறை முழுதாக நிறுத்த ஏறக்குறைய 5.4 லட்சம் ஜூல்தான். அதாவது எஞ்சினும் காற்றும் உதவாவிட்டால், அந்த ஒரே இறக்கம் 100-லிருந்து பூஜ்யத்துக்கு 38 முறை நிறுத்துவதற்குச் சமம். உங்கள் பிரச்சினை பிடிமானக் குறைவு அல்ல, சூடு. இதை மனதில் வைத்துக்கொண்டால் எதற்குப் பணம் போடலாம், எதற்குக் கூடாது என்பது தெளிவாகிவிடும்.

பெரிய டிஸ்க்கும் காலிப்பரும் சேர்ந்த அந்த கிட் ஏன் வேண்டாம்? சமதளத்தில் முழு அழுத்தம் கொடுத்தால் இப்போதே ஏ.பி.எஸ். (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) துடிக்கிறது என்றால், டயரைப் பூட்டும் அளவு பலம் ஏற்கெனவே இருக்கிறது. அதற்குமேல் பெரிய காலிப்பர் போட்டாலும் ஒரு அடிகூட முன்னதாக நிற்காது. பெரிய டிஸ்க் சூட்டைக் கூடுதலாகத் தாங்கும் என்பது உண்மைதான். பந்தயச் சுற்றுப்பாதையில் தொடர்ந்து ஓட்டுகிறவருக்கு அது தேவை. ஆனால் முன் காலிப்பரின் பிஸ்டன் பரப்பு கூடினால் பழைய மாஸ்டர் சிலிண்டரில் (பெடல் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் பாகம்) பெடல் பயணம் நீளும். பிரேக் விகிதம் முன்பக்கம் சாயும். பின் சக்கர டிரம் பிரேக் சும்மா சுற்றும். ஏ.பி.எஸ்., வண்டி சறுக்காமல் காக்கும் ஈ.எஸ்.பி. இரண்டும் பழைய பிரேக்குக்காக அளந்து அமைத்தவை. சக்கரத்துக்குள் இடம் போதாமல் ரிம்மும் மாற்ற நேரிடலாம். தயாரிப்பாளரின் மூல அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு கட்டுப்படுத்துகிறது. விபத்துக்குப் பிறகு காப்பீட்டு நிறுவனத்திடம் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

இனி செலவு. முதல் ரூபாய் பிரேக் ஆயிலுக்கு. இது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ரப்பர் ஹோஸ் வழியாகவே கொஞ்சம் கொஞ்சமாக நீர் உள்ளே போகும். டாட் 4 என்ற தரவகை ஆயிலுக்குத் தரநிலை கேட்கும் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதில் 230 டிகிரி செல்சியஸ், 3.7 சதவீதம் நீர் சேர்ந்தபின் 155 டிகிரி. டாட் 5.1-க்கு இதே அளவுகள் 260, 180. மூன்று நான்கு வருடமாக மாற்றாத ஆயில் இருந்தால் மலையில் கொதிப்பதில் வியப்பே இல்லை. பிரேக் ஆயில் தொட்டியில் பேனா மாதிரி கருவியை விட்டு ஈரம் பார்த்து ‘நல்லா இருக்கு’ என்று சொன்னால் நம்ப வேண்டாம். மோசமான ஆயில் காலிப்பரில் தேங்கியிருக்கும். தொட்டிக்கு அது திரும்பி வருவதில்லை.

நல்ல நிறுவனத்தின் டாட் 5.1, அல்லது ஈ.எஸ்.பி. வண்டிகளுக்கான குறைந்த பாகுநிலை டாட் 4, ஒரு லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாக வாங்குங்கள். மூடி முத்திரை உடையாமல் இருக்க வேண்டும். பெயர் ஒன்றுபோல் இருக்கிறதே என்று டாட் 5 வாங்கிவிடாதீர்கள். அது சிலிக்கோன், இதோடு சேராது. மோட்டுல் ஆர்.பி.எஃப். 600 போன்ற பந்தய ஆயிலின் உலர் கொதிநிலை 312 டிகிரி. அதை ஊற்றுவதில் தவறில்லை, வருடம் ஒருமுறை மாற்றுவீர்கள் என்றால். இல்லையேல் டாட் 5.1 ஊற்றி இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தவறாமல் மாற்றுவதே மேல்.

வேலை நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். தொட்டியில் உள்ள பழைய ஆயிலை ஊசிக்குழலால் உறிஞ்சிவிட்டுப் புதியதை நிரப்ப வேண்டும். பிறகு ஒவ்வொரு சக்கரத்திலும் பிளீடர் நிப்பிளை (ஆயிலையும் காற்றையும் வெளியேற்றும் சிறு திருகு) திறந்து, தெளிந்த ஆயில் வரும்வரை வெளியேற்ற வேண்டும். சக்கரத்துக்குச் சுமார் 250 மி.லி. எந்தச் சக்கரம் முதலில் என்பதற்கு வண்டியின் சர்வீஸ் கையேட்டில் உள்ள வரிசையைப் பின்பற்றுங்கள். நடுவில் தொட்டி வற்றி ஏ.பி.எஸ். பிளாக்குக்குள் காற்று புகுந்துவிட்டால், கணினிக் கருவி மாட்டி பம்பை ஓடவைத்துத்தான் காற்றை எடுக்க முடியும். பெடலை மிதித்து ஏர் எடுத்தால் அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். மாஸ்டர் சிலிண்டருக்குள் இத்தனை வருடம் பிஸ்டன் தொடாத பகுதியில் துரு படிந்திருக்கும். பெடல் தரைவரை போனால் மாஸ்டர் சிலிண்டரின் சீல் கிழிய வாய்ப்புண்டு. சிந்திய ஆயில் பெயின்டைத் தின்றுவிடும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

அடுத்தது முன் பேடு. இரும்புப் பின்தகடு நீங்கலாகப் பேடின் தடிமன் 2 மி.மீ. வந்தால் கட்டாயம் மாற்ற வேண்டும் என்பது பொதுவான அளவு. மலை ஓட்டுகிறவர் 4 மி.மீ.யிலேயே மாற்றுவது நல்லது. பேடு என்பது பிஸ்டனுக்கும் சூட்டுக்கும் நடுவே நிற்கும் தடுப்பும்தான். மெலிந்த பேடு வழியாகச் சூடு நேராக ஆயிலுக்கு ஏறும். உங்கள் ஆயில் கொதித்ததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

எந்தப் பேடு? விளிம்பில் அச்சிட்ட இரண்டு ஆங்கில எழுத்துகளைப் பாருங்கள். முதல் எழுத்து மிதமான சூட்டில் உராய்வு, இரண்டாவது அதிகச் சூட்டில். ‘ஈ’ என்றால் 0.25 முதல் 0.35, ‘எஃப்’ 0.35 முதல் 0.45, ‘ஜி’ 0.45 முதல் 0.55. ‘எஃப்.எஃப்’ அல்லது ‘ஜி.ஜி’ தேடுங்கள். ‘எஃப்.ஈ’ போட்டால் சூடேறியதும் பிடி குறையும். இதைவிட முக்கியம் மாற்றுப் பேடுகளுக்கான சர்வதேசத் தரச்சான்றான ஈ.சி.ஈ. ஆர்90 முத்திரை. மூலப் பேடின் செயல்திறனிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகாத பேடுக்குத்தான் அது கிடைக்கும். ஆகவே முன்-பின் விகிதம் கெடாது. டி.ஆர்.டபிள்யூ., ஏ.டி.ஈ., ஃபெரோடோ, ஈ.பி.சி. போன்ற நிறுவனங்களின் சாலைப் பேடுகளில் உங்கள் வண்டிக்கானதைக் கேளுங்கள். பெட்டியில் அந்த முத்திரை இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். போலிப் பேடு தாராளமாகப் புழங்குகிறது, பில்லோடு வாங்குங்கள். பந்தயப் பேடு பக்கமே போக வேண்டாம். சூடேறிய பிறகுதான் அது பிடிக்கும். காலையில் வண்டியெடுத்து முதல் சிக்னலில் மிதிக்கும்போது உங்களுக்குப் பிரேக் வேண்டும். டிஸ்க்கையும் அது சீக்கிரம் தின்றுவிடும்.

பேடு மாற்றும்போது ஒரு நல்ல மெக்கானிக்குக்கும் அவசரக்காரருக்கும் வித்தியாசம் தெரிவது, காலிப்பர் பக்கவாட்டில் நகர உதவும் ஸ்லைடு பின்னில்தான். அந்த ஸ்லைடு பின் துருப்பிடித்து இறுகினால் காலிப்பர் மிதக்காது. உள் பேடு தேய்ந்து வெளிப் பேடு அப்படியே இருக்கும், கால் எடுத்த பிறகும் பேடு டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். பழைய பேடுகளைக் கையில் வாங்கி இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பின்னைத் துடைத்து, பிரேக்குக்கான சிலிக்கோன் கிரீஸ் தடவ வேண்டும். சாதாரண கிரீஸ் தடவினால் ரப்பர் ஊதி மீண்டும் இறுகும். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது பிளீடர் நிப்பிளைத் திறந்து தள்ளினால் அழுக்கு ஆயில் ஏ.பி.எஸ். பக்கம் போகாது.

பின் டிரம்மைப் பெரும்பாலும் யாரும் திறந்தே பார்ப்பதில்லை. அது தன் பங்கைச் செய்யாவிட்டால் அந்தச் சுமையும் முன் டிஸ்க்கில் விழும். டிரம்மைக் கழற்றி, வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை நுனியில் விலக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ஈரம் இருந்தால் சிலிண்டரை மாற்ற வேண்டும், ஆயில் பட்ட ஷூவையும் (டிரம்மின் உட்புறத்தை அழுத்தும் உராய்வுப் பட்டை) சேர்த்து. தூசியைக் காற்றுக்குழாயால் ஊத விடாதீர்கள், நுரையீரலுக்குக் கேடு. ஹேண்ட் பிரேக் கேபிளை அளவுக்கு மீறி இறுக்கியிருந்தால் ஷூ தானாக நெருங்கும் அமைப்பு வேலை செய்யாது. எனவே முதலில் கேபிளைத் தளர்த்தி, பெடலைப் பலமுறை மிதித்து ஷூவை நெருங்கவிட்டு, கடைசியில்தான் கேபிளைச் சரிசெய்ய வேண்டும். பெடல் உயரத்தில் வித்தியாசம் அப்போதே தெரியும்.

டிஸ்க் மாற்றத்தான் வேண்டுமா என்பதை மைக்ரோமீட்டர் சொல்லட்டும். குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். வெர்னியர் வைத்தால் விளிம்பில் தேயாமல் நிற்கும் வரம்பில் பட்டு அதிகமாகக் காட்டும். எல்லையை நெருங்கியிருந்தால் இரண்டு பக்கமும் சேர்த்து அதே அளவில் புதிய சாதாரண டிஸ்க் போடுங்கள். ஓட்டை போட்ட டிஸ்க் வேண்டவே வேண்டாம். ஓட்டை ஓரங்களிலிருந்துதான் விரிசல் தொடங்கும், இரும்பு எடை குறைவதால் சூடு தாங்கும் அளவும் குறையும். ஏற்கெனவே மெலிந்த டிஸ்க்கை லேத்தில் கொடுத்து இன்னும் மெலிதாக்குவதும் அதே தவறு. புதிய டிஸ்க் உட்காரும் ஹப் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் துருப்போகத் தேய்க்க வேண்டும். அங்கே ஒரு பொட்டுத் துரு இருந்தாலும் டிஸ்க் ஆடும். சில ஆயிரம் கிலோமீட்டரில் ஸ்டீயரிங் நடுங்கும்.

எஃகு வலை போர்த்திய ஹோஸ் பெடலைச் சற்றுக் கெட்டியாக்கும், சூட்டை ஒரு டிகிரிகூடக் குறைக்காது. பழைய ஹோஸ் வெடித்தோ ஊதியோ இருந்தால் மட்டும் மாற்றுங்கள், கம்பெனி ஹோஸே போதும்.

இவ்வளவும் செய்தாலும் பட்ஜெட்டில் ஒரு பகுதி மிஞ்சும். அதை டயருக்கு வையுங்கள். நிற்கும் தூரத்தைக் குறைப்பது டயர்தான். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ரப்பர் கெட்டித்துப் போன டயரை விட்டுவிட்டுக் காலிப்பருக்குச் செலவழிப்பதில் பயனில்லை.

பேடு போட்டதும் மலைக்குக் கிளம்பிவிடாதீர்கள். விடியற்காலையில் காலியான சாலையில் 60-லிருந்து 10 வரை மிதமாகப் பத்து முறை குறையுங்கள். அடுத்து 80-லிருந்து 20 வரை சற்று அழுத்தமாக எட்டுப் பத்து முறை. எங்கும் முழுதாக நிறுத்த வேண்டாம். பிறகு பத்து நிமிடம் பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். பேடின் மெல்லிய படலம் டிஸ்க்கில் சீராகப் படிவதற்காக இது. சூடான நிலையில் நிறுத்திப் பெடலை அழுத்திப் பிடித்தால் அந்த இடத்தில் மட்டும் திட்டாகப் படியும். ‘டிஸ்க் வளைந்துவிட்டது’ என்று சொல்லப்படும் நடுக்கத்துக்குப் பல சமயம் இதுதான் காரணம்.

இறக்கத்தில் கியரை ‘டி’-யில் விட்டுவிடுவதுதான் பிரேக்கைக் கொல்லும் பழக்கம். உங்கள் வண்டியின் தானியங்கி கியர்பெட்டியான டி.எஸ்.ஜி. எரிபொருளை மிச்சப்படுத்த மேல் கியருக்குப் போய்விடும். எஞ்சின் பிடிப்பு கிடைக்காது. நெம்புகோலை மேனுவல் பக்கம் தள்ளி இரண்டாவது, நேர்ப்பாதையில் மூன்றாவது கியரில் வாருங்கள். எஞ்சின் 3,000 சுற்றுக்கு மேல் உறுமினாலும் பயம் வேண்டாம். எரிபொருள் அப்போது அறவே நின்றிருக்கும். பெடலில் கால் வைத்துத் தேய்த்துக்கொண்டே வராமல், வளைவுக்கு முன் அழுத்தி வேகம் குறைத்துக் காலை முழுதாக எடுங்கள். அந்த இடைவெளியில்தான் டிஸ்க்கில் காற்றுப்பட்டுச் சூடு வெளியேறும். புகையும் சக்கரத்தில் தண்ணீர் ஊற்றும் வழக்கத்தை நிறுத்துங்கள், சூடான வார்ப்பிரும்பு விரிசல் விடும்.

வேலை முடிந்தபின் முதல் இறக்கத்துக்கு ஒரு அகச்சிவப்பு வெப்பமானி கொண்டு போங்கள். மலையின் பாதியில் நிறுத்தி இரண்டு முன் டிஸ்க்கையும் அளவிடுங்கள். பளபளக்கும் இரும்பில் அது உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். எனவே எண்ணைப் பார்க்காமல் இடம் வலம் ஒப்பிடுங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் சரி. ஒரு பக்கம் மட்டும் 50 டிகிரிக்கு மேல் கூடுதலாக இருந்தால் அந்தப் பக்கம் ஸ்லைடு பின்னோ பிஸ்டனோ இன்னும் இறுகிக் கிடக்கிறது. காலிப்பரைக் கழற்றி, பிஸ்டனில் துரு இல்லையென்றால் சீல் கிட் போடுங்கள், துரு குழி விழுந்திருந்தால் காலிப்பரையே மாற்றிவிடுங்கள்.