வெஸ்டர்ன் படத்தில் நகைச்சுவையைக் கலந்தால் இரண்டும் கெட்டுப்போகுமா?

"கௌபாய் கதையில் சிரிப்பைச் சேர்த்தால் துப்பாக்கி மேலிருக்கும் பயமும் போய்விடும், சிரிப்பும் வராது என்கிறார்களே, உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், கையில் ஒரு குறும்படக் கதையை வைத்துக்கொண்டு, அதைக் கேட்ட நண்பர்கள் முகம் சுளித்ததால் தயங்கி நிற்கிறீர்கள் என்று தோன்றுகிறது. என் ஊகம் தவறென்றால் மன்னிக்கவும். நான் திரைப்பட ஆய்வாளன் அல்லன். தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகும் வெளிநாட்டுப் படங்களுக்குச் சென்னையில் சில ஆண்டுகள் தமிழ் டப்பிங் வசனம் எழுதியவன். நன்றாக இருந்த ஒரு நகைச்சுவை வெஸ்டர்னை, அதாவது கௌபாய் படத்தை, என் கையாலேயே கெடுத்தவன் என்பதைத் தவிர இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு வேறு தகுதி இல்லை.

படத்தின் பெயரையும், வேலை கொடுத்த நிறுவனத்தின் பெயரையும் தவிர்க்கிறேன். இத்தாலியர்கள் எடுத்த படம். எங்களிடம் ஆங்கிலப் பிரதியாக வந்தது. "காமெடிப் படம், ஆனால் பேச்சே இல்லை, நிமிடத்துக்கு ஒரு சிரிப்பாவது வேண்டும்" என்பதுதான் எனக்கு இடப்பட்ட உத்தரவு. அதில் ஒரு காட்சி: மதுக்கடையில் மூன்று அடியாட்கள் மேசையைச் சூழ்ந்து நிற்க, நாயகன் தலையைக்கூட நிமிர்த்தாமல் தட்டை ரொட்டியால் துடைத்துத் துடைத்துத் தின்றுகொண்டிருப்பான். முக்கால் நிமிடத்துக்கு ஒருவரும் வாய் திறப்பதில்லை. எனக்கோ அந்த மௌனம் காலி மனையைப் போலத் தெரிந்தது. முதுகு காட்டி நிற்பவனுக்கு உதட்டசைவு பற்றிய கவலை இல்லை என்பதால் அவன் வாயில் பரோட்டா சால்னா வசனம் ஒன்றைத் திணித்தேன். வாசலில் குதிரை கனைத்தபோது அதற்கும் ஒரு வரி எழுதினேன். ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்த மூத்த பொறியாளர் மட்டும், "தம்பி, அவன் சாப்பிடட்டும், விடுங்க" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். எழுத்தின் அருமை அவருக்குத் தெரியவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

நான் அன்று அறியாதது இதுதான்: வெஸ்டர்னில் துப்பாக்கி வெடிப்பதற்கு முன்பான காத்திருப்பும், நகைச்சுவையில் சிரிப்பு வெடிப்பதற்கு முன்பான காத்திருப்பும் ஒரே காத்திருப்பு. இந்த வகைப் படத்தின் கைத்திறமெல்லாம் அந்த இடைவெளியில் எது முதலில் வெடிக்கும் என்று சொல்லாமல் வைத்திருப்பதில்தான் இருக்கிறது. அங்கே பேச்சை நிரப்பியதும் பார்வையாளர் காத்திருப்பதை நிறுத்திவிடுகிறார். அப்புறம் துப்பாக்கி வெடித்தாலும் பட்டாசு வெடித்தாலும் அவருக்கு ஒன்றுதான்.

ஊமைப்பட காலத்து அமெரிக்க நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டன் 1925 ஆம் ஆண்டிலேயே 'கோ வெஸ்ட்' படத்தில் இதைச் செய்து காட்டியிருக்கிறார். சீட்டாட்டத்தில் எதிராளி ஏமாற்றுவதாகக் கீட்டன் குற்றம் சொல்ல, அவன் துப்பாக்கியை நீட்டி, அதைச் சொல்லும்போது சிரித்துக்கொண்டு சொல் என்று மிரட்டுகிறான். ஓவன் விஸ்டர் எழுதிய 'தி வர்ஜீனியன்' என்ற 1902 ஆம் ஆண்டு கௌபாய் நாவலிலிருந்து அமெரிக்கர்களுக்கெல்லாம் பழகிப்போன மிரட்டல் அது. ஆனால் கீட்டனோ திரையில் சிரிக்காத முகத்துக்கே பேர்போனவர். அவர் யோசித்து, இரண்டு விரல்களால் உதட்டின் இரு ஓரங்களையும் மேலே தள்ளிக் காட்டுகிறார். துப்பாக்கி மெய்யாகவே உயிரைக் குடிக்கும் என்று நாம் நம்பாவிட்டால் அந்த விரல்களுக்கு ஒரு மதிப்பும் இல்லை.

ஜேம்ஸ் கார்னர் நடித்த 'சப்போர்ட் யுவர் லோக்கல் ஷெரிஃப்' (1969) இதைவிடத் தெளிவான பாடம். ஊரில் சிறைச்சாலையைக் கட்டிவிட்டார்கள், கம்பிகள் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. புதிய ஷெரிஃப், அதாவது ஊர்க் காவல் அதிகாரி, தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டு, அதனருகே சிவப்புச் சாயத்தைச் சொட்டவிட்டுக் கைதியைப் பார்க்கிறார். கொலைசெய்துவிட்டு வந்த அந்தக் கைதி கோட்டைத் தாண்டுவதில்லை. எழுத்தில் படித்தால் அசட்டுத்தனமாக இருக்கும். திரையில் அது நிற்பதற்குக் காரணம், வேலையில் சேரும்போதே அந்த ஷெரிஃப் மேலே தூக்கிப்போட்ட சிறு உலோக வளையத்தைச் சுட்டுக் காட்டியிருப்பது. குறி தப்பாது என்பதை முதலில் நிலைநாட்டிவிட்டு அதன் பிறகே கோடு போடுகிறார்கள்.

இத்தாலியப் படங்களுக்கும் இதே வழக்குத்தான். 'தே கால் மீ டிரினிட்டி' (1970) படத்தை இயக்கிய என்ஸோ பார்போனி, அதற்கு முன் 'ஜாங்கோ' (1966) போன்ற இரத்தம் சிந்தும் வெஸ்டர்னுக்கு ஒளிப்பதிவு செய்தவர். தூசியையும் வெயிலையும் எப்படிப் படம்பிடிப்பது என்று தெரிந்திருந்ததால், குதிரை இழுத்துச் செல்லும் படுக்கையில் நாயகனைத் தூங்கியபடியே அவரால் அறிமுகப்படுத்த முடிந்தது. மெல் புரூக்ஸ் இயக்கிய 'பிளேசிங் சேடில்ஸ்' (1974) இந்த வகையையே கிழித்துத் தொங்கவிட்ட படம்; அதிலும் தலைப்புப் பாடலைப் பாட, உண்மையான வெஸ்டர்ன் பாடல்களுக்குப் பெயர்பெற்ற பிராங்கி லேனைத்தான் அழைத்தார்கள். சவுக்கடிச் சத்தங்களுக்கு நடுவே அவர் கேலியின் சாயல் சிறிதுமின்றிப் பாடியிருப்பதுதான் பாட்டின் சிரிப்பே.

இதைப் படிக்கும் யாராவது "அப்படியானால் சிம்புதேவனின் 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' (2010) முழுக்கப் பேச்சுதானே?" என்று கேட்கக்கூடும். பேச்சு கூடாது என்று நான் சொல்லவே இல்லை. வெஸ்டர்ன் நாயகர் கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் பெயரைக் கிழக்குக்கட்டை என்று தமிழாக்கி நாசருக்குச் சூட்டியதும், தமிழில் கௌபாயாக நடித்த ஜெய்சங்கரின் பெயரால் ஓர் ஊரையே உருவாக்கியதும் அந்தக் கதைக்குள்ளேயே பிறந்த சிரிப்பு. சிவகாசியில் அச்சான கௌபாய் காமிக்ஸைப் படித்து வளர்ந்த எவருக்கும் அது சொந்த வீட்டுப் பேச்சாகத்தான் கேட்கும். ஊமையாக எழுதப்பட்ட காட்சியின் மேல் வேறொருவன் வந்து பேச்சை ஊற்றுவதும் இதுவும் ஒன்றல்ல. டப்பிங் எழுத்தாளர்கள் எல்லோரையும் நான் குறை கூறுவதாகவும் கொள்ள வேண்டாம், என்னைத்தான் சொல்கிறேன். அதே மூச்சில் ஓர் ஆதங்கத்தையும் சொல்லிவிடுகிறேன்: சிரிப்பு போதவில்லை என்று காரணம் காட்டி எனக்குப் பேசிய தொகையில் பாதியைத்தான் கொடுத்தார்கள். நிமிடத்துக்கு ஒன்று என்று எண்ணிக் கேட்டவர்களும் அவர்களே. திரையில் என் பெயர் வராதது மட்டும், இந்தப் படத்தைப் பொறுத்தவரை, எனக்கு நேர்ந்த நன்மை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அது ஒளிபரப்பானபோது அக்கா வீட்டில் எல்லோரோடும் உட்கார்ந்து பார்த்தேன். பரோட்டா வசனம் வந்தது. அத்தான் மரியாதைக்குப் புன்னகைத்தார். குதிரை பேசியபோது அக்கா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். கடைசிப் பகுதியில், நாயகன் துப்பாக்கியை உருவப்போவதுபோல் கையை இடுப்புக்குக் கொண்டுபோய், நெடுநேரம் அப்படியே நின்று, பிறகு காற்சட்டையை மேலே இழுத்துவிட்டுக்கொள்ளும் இடம் வந்தது. அங்கும் நான் ஒரு வரி எழுதியிருந்தேன். நேரத்துக்குள் பொருந்தவில்லை என்று அந்தப் பொறியாளர் அதை எடுத்துவிட்டிருந்தார். மருமகனுக்கு அப்போது ஒன்பது வயது. தரையில் கிடந்தவன் எழுந்து உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "மாமா, இது நீங்க எழுதினதா?" என்று கேட்டான். இல்லை, இந்த இடத்துக்கு வேறொன்று எழுதியிருந்தேன் என்று சொல்லி, நீக்கப்பட்ட அந்த வரியை ஏற்ற இறக்கத்தோடு சொல்லிக் காட்டினேன். சற்று நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவன் தொலைக்காட்சியின் பக்கம் திரும்பிக்கொண்டான்.