வயலின் படித்த பிறகு வயலின் இசை ஏன் உருக்குவதில்லை?

கேள்வி: மூன்று ஆண்டுகளாக வயலின் படிக்கிறேன். முன்பு கண் கலங்க வைத்த வயலின் இசையைக் கேட்டால் இப்போது சுருதி எங்கே விலகியது, வில் எங்கே திரும்பியது என்பதுதான் காதில் விழுகிறது. சாதகம் செய்யச் செய்ய மூளையில் உணர்ச்சி மரத்துப்போகுமா? சரிசெய்ய வழி உண்டா?

பதில்: மரத்துப்போவதில்லை. இசை கேட்டுப் புல்லரிக்கும்போது மூளையில் என்ன நடக்கிறது என்று மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஆன் பிளட், ராபர்ட் சடோரே இருவரும் ஸ்கேன் எடுத்துப் பார்த்து 2001-ல் வெளியிட்டார்கள். அதில் கலந்துகொண்ட 10 பேருமே குறைந்தது 8 ஆண்டு இசை பயின்றவர்கள். புல்லரிப்பு கூடக் கூட, பசித்தவருக்கு உணவு கிடைத்தால் விழித்துக்கொள்ளும் அதே இன்பப் பகுதிகளில் ரத்த ஓட்டம் ஏறியது. அச்சத்தோடு தொடர்புள்ள அமிக்டலாவில் இறங்கியது. 8 ஆண்டுப் பயிற்சி அவர்களைக் கல்லாக்கவில்லை.

பயிற்சியால் மாறுவது முன்கணிப்பு. பாட்டு ஓடும்போது மூளை சும்மா இருப்பதில்லை. அடுத்து எந்த ஸ்வரம், எப்போது என்று பந்தயம் கட்டிக்கொண்டே போகிறது. 2011-ல் சடோரேயின் ஆய்வகத்திலேயே வந்த இன்னொரு முடிவு இதைத் தெளிவாக்கியது. உச்சக்கட்டம் வருவதற்கு முன்பே, அதை எதிர்பார்க்கும் விநாடிகளில், காடேட் என்ற மூளைப் பகுதியில் இன்பத்தோடு தொடர்புள்ள டோபமின் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது. உச்சம் வந்து விழும்போது நியூக்ளியஸ் அக்யூம்பன்ஸ் என்ற இன்னொரு பகுதியில் சுரக்கிறது. காத்திருப்பதற்கே மூளை தனிச் சம்பளம் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இசைப்போக்குக்குப் பொருந்தாத கார்டு (chord, சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) ஒன்று குறுக்கே வந்தால் சுமார் 200 மில்லி விநாடிக்குள் மூளையில் ஒரு மின் அலை எழும். இசை படிக்காதவருக்கும் எழும். படித்தவருக்கு அது இன்னும் பெரிதாக இருக்கும். முன்பு நீங்கள் கவனித்தே இராத சிறு விலகலுக்கெல்லாம் இப்போது உங்கள் மூளை கை தூக்குகிறது.

ஆனால் இது சோகம், இது மகிழ்ச்சி என்று அறிவதில் பெரிய வித்தியாசம் வருவதில்லை. 2005-ல் எமானுவேல் பிகானின் குழு 27 இசைத் துண்டுகளைக் கொடுத்து, உணர்ச்சிப்படி பிரித்து அடுக்கச் சொன்னது. தேர்ந்த கலைஞர்களும் இசையே படிக்காதவர்களும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் அடுக்கினார்கள்.

உங்கள் சிக்கலின் வேர் கருவியில் இருக்கிறது என்பது என் கணிப்பு. 2001-ல் ஹாவ்ஐசன், க்னோஷே என்ற ஆய்வாளர்கள் பியானோ கலைஞர்களைப் பியானோ இசையைச் சும்மா கேட்க மட்டும் வைத்தார்கள். கை அசையவில்லை, இருந்தும் கையை இயக்கும் மூளைப் புறணி தானாகவே வேலை செய்தது. கட்டைவிரலால் வாசிக்க வேண்டிய ஸ்வரம் வந்தால் கட்டைவிரலுக்குரிய இடம், சுண்டுவிரலுக்கு உரியது வந்தால் அதற்கான இடம் என்று அவ்வளவு துல்லியமாக. வயலினைக் கேட்கும்போது உங்கள் தலைக்குள்ளும் ஒரு இடதுகை வாசித்துக்கொண்டிருந்தால் அதில் வியப்பில்லை. கூடவே பிழை பார்க்கும் கவனமும் சேர்ந்துகொண்டால் உருகுவதற்கு இடம் எங்கே?

ஆகவே மூன்று வாரம் இப்படிச் செய்து பாருங்கள். இன்பத்துக்காகக் கேட்கும் இசையில் வயலினை ஒதுக்குங்கள். புல்லாங்குழலோ வாய்ப்பாட்டோ, உங்கள் விரலுக்குப் பழக்கமில்லாத எதுவும் சரி. தினம் 20 நிமிடம், சாதகம் முடிந்த கையோடு வேண்டாம். இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள், திருத்தும் மனநிலை அடங்கட்டும். சாதகத்தில் இருக்கும் உருப்படியை இந்த நேரத்தில் தொடவே கூடாது. புதிய இசையானால் முதல் தடவை எதையும் குறிக்காமல் கேளுங்கள். ஆராய்ச்சியெல்லாம் இரண்டாம் தடவைக்கு. பலர் தவறுவது இங்கேதான்: பிடித்த ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டு, பழைய புல்லரிப்பைப் பிடித்து இழுக்கப் பார்ப்பார்கள். ஒரே பாட்டை அளவுக்கு மீறிப் போட்டால் பந்தயம் கட்ட மிச்சம் குறையும், அலுப்பு வரலாம்.

மூன்று வாரம் கழித்து வயலினுக்குத் திரும்பும்போது, கூர்மையான காதை உணர்ச்சியின் பக்கமே திருப்பிவிடலாம். நான்கு தாள வட்ட அளவுள்ள ஒரு வரியை எடுத்து, ஸ்வரத்தை மாற்றாமல் நான்கு விதமாக வாசித்துப் பதிவு செய்யுங்கள். சோகத்துக்கு மெதுவாக, தணிந்து, இழைத்து, மங்கிய நாதத்தில். மகிழ்ச்சிக்கு விரைவாக, ஓரளவு உரக்க, ஸ்வரங்களை வெட்டி வெட்டி. கோபத்துக்கு விரைவும் உரப்பும் இருக்கட்டும், ஒவ்வொரு ஸ்வரத்தின் தொடக்கமும் அறைவதுபோல, நாதம் கரகரத்து. அச்சத்துக்குத் தணிந்து, விட்டுவிட்டு, வேகம் ஒரு சீராக இல்லாமல். எது எது என்று சொல்லாமல் மூன்று பேருக்குப் போட்டுக் காட்டுங்கள். கோபத்தை மகிழ்ச்சி என்று எடுத்துக்கொண்டால், நீங்கள் வேகத்தையும் உரப்பையும் மட்டுமே மாற்றியிருக்கிறீர்கள். அவை இரண்டுக்கும் பொது. வில்லின் அழுத்தத்தையும் தொடக்கத்தையும் மாற்றினால்தான் பிரியும். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றினால் எது வேலை செய்தது என்று பிடிபடும்.

பயிற்சியில் ஒரு உபரி லாபமும் உண்டு. 2009-ல் டானா ஸ்ட்ரெய்ட், நீனா கிராஸ் குழு ஒரு குழந்தையின் அழுகையில் 250 மில்லி விநாடியை மட்டும் வெட்டிக் கேட்கவைத்து மூளைத்தண்டின் எதிர்வினையை அளந்தது. இசை பயின்றவர்களுக்கு ஒலியின் எளிய பகுதியில் எதிர்வினை சிக்கனமாகவும், உணர்ச்சி பொதிந்த சிக்கலான பகுதியில் வலுவாகவும் இருந்தது.

ஒன்றை மட்டும் தனியாகக் கவனியுங்கள். இசை மட்டுமல்லாமல் நண்பர்கள், வேலை, சாப்பாடு என எதிலுமே நாட்டமில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் காரணம் வயலினாக இராது, மனச்சோர்வாக இருக்கலாம். அப்போது மேலே சொன்ன எதையும் முயலாமல் மருத்துவரைப் பாருங்கள்.